நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? புதிய ஓட்டுநர்களுக்கு ஓர் எளிய கணக்கு

கார் ஓட்டப் பழகத் தொடங்கியவர்களிடம் எது கடினமாக இருக்கிறது என்று கேட்டால், கிளட்சை விடும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது, மேட்டில் நிறுத்தி எடுத்தால் வண்டி பின்னால் உருள்கிறது, ரிவர்ஸில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவதென்று குழப்பமாக இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். இந்தச் சிரமங்கள் சில வாரங்களில் தீர்ந்துவிடும். கையும் காலும் தாமாகவே வேலை செய்யத் தொடங்கி, தேர்வில் தேறி உரிமமும் கிடைத்ததும், இனி நமக்கு ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் விபத்துக் கணக்குகளைக் கவனமாகத் தொகுத்துவரும் பல நாடுகளில் ஒரே போக்கைக் காண முடிகிறது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பழகுநர் காலத்தில் விபத்துகள் மிகக் குறைவு. உரிமம் பெற்றுத் தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில் அவை திடீரென உயர்கின்றன. அதன் பிறகு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகின்றன. நேற்று வரை பக்கத்திலிருந்தவரோடு ஓட்டிய கையும் காலும்தான் இன்றும் ஓட்டுகின்றன. இல்லாமல் போனது, சாலையைப் படித்துச் சொன்ன இன்னொரு ஜோடிக் கண்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் முழுவதும் சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் உயிரிழக்கிறார்கள். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரிழப்புக்கு முதன்மையான காரணமும் சாலை விபத்துதான். இதைக் கேட்டவுடன் இளைஞர்கள் பொறுப்பில்லாமல் ஓட்டுகிறார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது பெரியவர்களின் வழக்கம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். இருந்தாலும், மிகுந்த பொறுப்புள்ள, பயந்து பயந்து ஓட்டுகிற இளைஞர்களும் முதல் ஆண்டில் விபத்தில் சிக்குகிறார்கள் என்பதால், அந்த விளக்கம் போதாது. நிறுத்தும் தூரம் என்ற கருத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால், மெதுவாகப் போ, போனை எடுக்காதே, இடைவெளி விடு என்று தனித்தனியாகச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாம் ஒரே கணக்கின் பகுதிகள் என்பது விளங்கும்.

இரண்டு பகுதிகள்

முன்னால் ஓர் ஆபத்து தோன்றிய கணத்திலிருந்து வண்டி முழுவதுமாக நிற்கும் வரை அது கடக்கும் தூரமே நிறுத்தும் தூரம். இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. கண் பார்த்து, மூளை அதை ஆபத்தென்று உணர்ந்து, கால் ஆக்ஸிலேட்டரை விட்டு பிரேக்குக்கு மாறும் வரை வண்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தூரம் முதல் பகுதி. பிரேக் பிடித்த பிறகு வண்டி வேகம் குறைந்து நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் இரண்டாம் பகுதி. பிரேக்கை அழுத்தினால் வண்டி நின்றுவிடும் என்று நினைக்கும் புதியவர் இந்த இரண்டாம் பகுதியை மட்டுமே கணக்கில் கொள்கிறார். அதையும் குறைத்தே மதிப்பிடுகிறார்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்குச் சுமார் 14 மீட்டர். ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணை 3.6 ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைத்துவிடும். எதிர்பாராத ஆபத்துக்கு ஒருவர் ஒன்றரை வினாடியில் பிரேக் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 21 மீட்டர் போயிருக்கும். நல்ல டயர்களோடு உலர்ந்த தார்ச்சாலையில் முழுமையாக பிரேக் பிடித்தால் மேலும் சுமார் 14 மீட்டரில் நிற்கும். ஆக மொத்தம் 35 மீட்டர். வேகத்தை 100க்கு உயர்த்தினால் முதல் பகுதி 42 மீட்டராகிறது, அதாவது இரண்டு மடங்கு. இரண்டாம் பகுதியோ 55 மீட்டராகிறது, அதாவது நான்கு மடங்கு. ஓடும் வண்டியின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்கும் டயரும் வெப்பமாக மாற்றித் தீர்க்க நான்கு மடங்கு தூரம் தேவைப்படுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த காராக இருந்தாலும் இந்த விதியிலிருந்து விலக்குக் கிடையாது.

இப்போது, நின்றுகொண்டிருக்கும் பேருந்து ஒன்றின் முன்புறத்திலிருந்து ஒருவர் திடீரென்று சாலையில் இறங்குகிறார் என்று கொள்வோம். அவருக்கும் உங்களுக்கும் இடையே 35 மீட்டர். நீங்கள் 50இல் வந்திருந்தால் அவருக்கு முன்னால், மயிரிழையில், வண்டி நின்றுவிடும். 60இல் வந்திருந்தால் என்ன ஆகும்? பத்து கிலோமீட்டர்தானே கூடுதல், மெல்ல உரசியபடி நின்றுவிடும் என்று தோன்றும். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கால் பிரேக்குக்கு வருவதற்குள்ளேயே 25 மீட்டர் தீர்ந்துவிடுகிறது. மீதமுள்ள 10 மீட்டர் பிரேக் பிடிக்கப் போதாது. 50இல் வந்த வண்டி முற்றிலும் நின்றிருக்கும் அதே இடத்தில், 60இல் வந்த வண்டி இன்னும் 42 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 70இல் வந்திருந்தால் மோதும் வேகம் 60ஐத் தாண்டிவிடும். பிரேக் பிடித்த பிறகு வேகம் பெருமளவு குறைவது கடைசிச் சில மீட்டர்களில்தான் என்பதால், சிறிய வேக வித்தியாசம் இப்படிப் பெரிய மோதலாக மாறிவிடுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

எதற்காக இந்த ஆபத்தை ஏற்கிறோம் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். 10 கிலோமீட்டர் தூரத்தை 50இல் கடக்க 12 நிமிடம், 60இல் கடக்க 10 நிமிடம். மிச்சமாகும் இரண்டு நிமிடமும் வழியில் ஒரு சிக்னல்கூட இல்லாதிருந்தால்தான் கிடைக்கும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

இளைஞர்களுக்கு ஓர் இயல்பான மறுப்பு எழும். எங்களுக்குத்தான் கை கால் வேகம் அதிகமாயிற்றே, ஒன்றரை வினாடி எதற்கு என்பார்கள். ஒரு விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்தச் சொன்னால், பதினெட்டு வயதுக்காரர் ஐம்பது வயதுக்காரரை எளிதில் வென்றுவிடுவார் என்பது உண்மையே. ஆனால் சாலையில் எந்த விளக்கும் எரிந்து எச்சரிப்பதில்லை. மூளை ஒன்றை ஆபத்து என்று அடையாளம் கண்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. புதியவர் பின்தங்குவது அந்த அடையாளம் காணும் இடத்தில்தான்.

புதியவர்களும் அனுபவசாலிகளும் சாலையில் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவி கொண்டு ஆராய்ந்த மூரன்ட், ராக்வெல் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1972இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். புதியவர்களின் பார்வை வண்டிக்குச் சற்று முன்னாலும் சாலையின் ஓரத்திலுமே தங்கியிருந்தது. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிகளை அவர்கள் குறைவாகவே பார்த்தார்கள். அனுபவசாலிகளோ தொலைவிலும் அகலமாகவும் பார்வையை ஓட்டியபடி இருந்தார்கள். வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருப்பதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடும்போது, நூறு மீட்டருக்கு அப்பால் நடப்பதைப் பார்க்கப் புதியவரிடம் கவனம் மிஞ்சுவதில்லை.

சாலையோரம் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் கார்களை எடுத்துக்கொள்வோம். புதியவருக்கு அவை அசையாத சுவர் மாதிரிதான் தெரியும். அனுபவசாலியின் கண் அவற்றுள் ஒன்றில் புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை வருவதைக் கவனிக்கும். இன்னொன்றில் ஓட்டுநர் இருக்கையில் ஒரு தலை தெரிவதைக் கவனிக்கும், அப்படியானால் கதவு எந்த நேரமும் திறக்கலாம். மூன்றாவதன் முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருக்கிறது, அது கிளம்பப் போகிறது. நிற்கும் வேனின் அடியில் இரண்டு கால்கள் தெரிகின்றன, அங்கே ஒருவர் கடக்கக் காத்திருக்கிறார். இவற்றில் எதுவும் இன்னும் ஆபத்தாகவில்லை. ஆனாலும் அனுபவசாலியின் கால் ஏற்கெனவே ஆக்ஸிலேட்டரை விட்டு பிரேக்கின் மேல் நிற்கிறது. அவருடைய ஒன்றரை வினாடி அரை வினாடியாகிவிட்டது; வேகமும் முன்பே சற்றுக் குறைந்துவிட்டது. புதியவருக்கோ கதவு திறந்த பிறகுதான் எல்லாம் தொடங்குகிறது.

இந்தத் திறமையைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பதால்தான் பிரிட்டன் 2002 நவம்பரில் ஓட்டுநர் எழுத்துத் தேர்வோடு ஆபத்தை முன்னறியும் காணொளித் தேர்வையும் சேர்த்தது. தேர்வு இல்லாத நாட்டிலும் இதைப் பழகலாம். காணும் ஒவ்வொன்றையும், அது என்ன செய்யக்கூடும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது நல்ல பயிற்சி. 'முன்னால் சைக்கிள், பள்ளத்தைத் தவிர்க்க உள்ளே வரலாம். அதற்கு முன்னால் ஆட்டோ, பிரேக் விளக்கு எரிகிறது. வலப்பக்கச் சந்திலிருந்து பைக்கின் முன்சக்கரம் தெரிகிறது.' தொடக்கத்தில் சிரிப்பாகத்தான் இருக்கும், நாக்கும் பின்தங்கும். ஓட்டுநர் இருக்கையில் அமர்வதற்கு முன்பே, பக்கத்து இருக்கையில் பயணிக்கும்போதுகூட இதைச் செய்து பார்க்கலாம். இன்னும் 12 முதல் 15 வினாடிகளில் நாம் போய்ச் சேரப்போகும் இடம் வரை பார்வை எட்டியிருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பயிற்சியாளர்கள் சொல்லும் அளவு. 50 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 170 முதல் 210 மீட்டர். அங்கிருந்து பார்வை அருகே வந்து, கண்ணாடிகளைத் தொட்டு, மீண்டும் தொலைவுக்குப் போக வேண்டும்.

கண்ணாடிகளுக்குத் தெரியாத பகுதிகளும் உண்டு. தடம் மாறுவதற்கு முன் தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்க்காவிட்டால், பக்கவாட்டில் வரும் பைக் மறைந்தே இருக்கும். முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் உள்ள தூண்கள் சந்திப்புகளில் ஒரு முழு மனிதரையே மறைத்துவிடக்கூடியவை. திரும்புவதற்கு முன் உடலைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் இருப்பது தெரியும். இருசக்கர வாகனம் குறுகலான உருவம் என்பதால், அது எவ்வளவு தொலைவில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைக் கண் தவறாகக் கணிக்கும்; எதிரே பைக் வரும்போது தோன்றுவதைவிட அது அருகில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

இடைவெளி

முன்னால் செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே விடும் தூரத்தை மீட்டரில் கணிப்பது யாருக்கும் எளிதல்ல. அதனால் அதை நேரத்தால் அளக்கிறார்கள். முன்வண்டியின் பின்பகுதி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போது 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்து மூன்று' என்று நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். மூன்றாவதைச் சொல்லி முடிக்கும் முன்பே நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால், மிக அருகில் போகிறீர்கள். அனுபவசாலிகளுக்கு இரண்டு வினாடி என்று பல நாடுகளில் கற்பிக்கிறார்கள். புதியவர்கள் மூன்று வினாடியை வழக்கமாக வைத்துக்கொள்வதும், மழையில் அதை இரட்டிப்பாக்குவதும் தகும். இந்த முறையின் அழகு, வேகம் கூடும்போது இடைவெளியும் தானாகவே கூடிவிடுகிறது என்பதில் இருக்கிறது.

இடைவெளி விட்டால் எவனாவது உள்ளே நுழைந்துவிடுகிறானே என்பது எல்லோரும் சொல்லும் குறை. நுழைவார்கள்தான். அப்போது ஆக்ஸிலேட்டரைச் சற்று விட்டு மறுபடி மூன்று வினாடியை உண்டாக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு முறையும் இழப்பது சில வினாடிகள்தான். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டே வந்தால், அவரைப் பழிவாங்க பிரேக்கைத் தட்டுவதற்கு மாறாக, முன் இடைவெளியை இன்னும் கூட்ட வேண்டும். நாம் திடீரென பிரேக் பிடிக்கும் தேவை குறைந்தால், அவர் நம்மீது மோதும் வாய்ப்பும் குறையும். வசதியான இடத்தில் ஒதுங்கி அவரைப் போகவிட்டுவிடுவது இன்னும் மேல்.

முந்திச் செல்வதைப் பற்றி ஒரு கணக்கு. இருவழிச் சாலையில் 60இல் போகும் லாரியை நீங்கள் 80இல் முந்துகிறீர்கள். லாரிக்குப் பின்னால் 20 மீட்டர், லாரியின் நீளம் 12 மீட்டர், முந்திய பின் முன்னால் 20 மீட்டர், உங்கள் காரின் நீளம் 4 மீட்டர். ஆக லாரியைவிட 56 மீட்டர் கூடுதலாக நீங்கள் ஓட வேண்டும். வேக வித்தியாசம் 20 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5.6 மீட்டர். ஆகவே எதிர்த்தடத்தில் 10 வினாடி இருப்பீர்கள். அந்தப் பத்து வினாடியில் நீங்கள் 222 மீட்டர் போகிறீர்கள்; எதிரே 80இல் வரும் வண்டியும் 222 மீட்டர் வந்துவிடுகிறது. அரைக் கிலோமீட்டர் வெறுஞ்சாலை கண்ணுக்குத் தெரியாதவரை அந்த லாரிக்குப் பின்னாலேயே போவதுதான் சரி. முதல் சில மாதங்களில் இருவழிச் சாலையில் முந்தாமலே பயணத்தை முடித்தால் எதுவும் குறைந்துவிடாது.

கவனத்தைப் பறிப்பவை

90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. ஒரு செய்தியைப் படித்து ஒரு சொல் பதில் அனுப்ப ஐந்து வினாடி ஆகிறது என்றால், 125 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு அது சமம். இது பலருக்கும் தெரிந்த கணக்கு. பேசுவதில் உள்ள ஆபத்துதான் பலருக்குத் தெரிவதில்லை. போன் பயன்படுத்தும் ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு அதிகம் என்றும், கையில் பிடிக்காமல் பேசுவது அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானதல்ல என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கண் சாலையில் இருந்தாலும் மனம் உரையாடலில் இருந்தால், கண்ணெதிரே வந்த சைக்கிள் மூளையில் பதியாமலே போய்விடும். பக்கத்தில் அமர்ந்து பேசுபவர் சாலை சிக்கலானதும் தானாகவே பேச்சை நிறுத்துவார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது. போனை ஒலியடக்கிப் பையில் போட்டுப் பின்னிருக்கையில் வைத்துவிடுவதும், வழிகாட்டி வரைபடத்தில் போகுமிடத்தைக் கிளம்புவதற்கு முன்பே பதிந்துவிடுவதும் போதுமான ஏற்பாடு. மடியில் வைத்துக்கொண்டு 'எடுக்க மாட்டேன்' என்று உறுதி பூணுவது பெரும்பாலும் பலிப்பதில்லை.

நண்பர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். பதின்வயது ஓட்டுநரோடு அதே வயதினர் பயணிக்கும்போது உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து கூடுகிறது. ஏறுபவர்களின் எண்ணிக்கை கூடக் கூட அதுவும் கூடுகிறது. வயது வந்த ஒருவர் உடனிருந்தால் குறைகிறது. இதில் யாருடைய குணத்தையும் குறைசொல்ல வேண்டியதில்லை. விளைவுகளை எடைபோட்டு உந்துதலைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது; நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது துணிச்சலுக்குக் கிடைக்கும் மதிப்பும் கூடிவிடுகிறது. இதை உணர்ந்துதான் நியூசிலாந்து 1987இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது. இடைநிலை உரிமம் பெற்ற புதியவர்கள், அனுபவசாலி உடனில்லாமல் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஓட்டக்கூடாது, பயணிகளை ஏற்றக்கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகளைக் கொண்ட இந்த முறையைப் பின்னர் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளும் வெவ்வேறு வடிவங்களில் ஏற்றுக்கொண்டன. உங்கள் நாட்டுச் சட்டம் இதைக் கேட்காவிட்டாலும், முதல் ஆறு மாதங்களுக்கு வீட்டளவில் இதே விதியை வைத்துக்கொள்ளலாம். நண்பர்களிடம் மறுப்புச் சொல்லச் சங்கடப்படும் பிள்ளைக்கு, 'வீட்டில் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள்' என்று சொல்ல வாய்ப்பிருப்பது பெரிய உதவி. அந்தப் பழியைப் பெற்றோர் மகிழ்ச்சியோடு ஏற்கலாம்.

இரவும் தூக்கமும்

தாழ்நிலை ஒளியில் ஹெட்லைட் சாதாரணமாக 50, 60 மீட்டர் வரைதான் பயன்படும் அளவுக்கு வெளிச்சம் தரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தும் தூரம் சுமார் 69 மீட்டர். அப்படியானால், விளக்கில்லாத சாலையில் தாழ்நிலை ஒளியோடு 80இல் போகும்போது, வெளிச்சத்தில் ஒரு பொருள் தென்படும் கணத்திலேயே நிறுத்த நேரமில்லை. இருண்ட நிற உடை அணிந்து நடப்பவர் இன்னும் அருகில் வந்த பிறகுதான் தெரிவார். எதிரே வண்டி இல்லாதபோது உயர்நிலை ஒளியைப் பயன்படுத்தலாம், வந்தவுடன் தாழ்த்திவிட வேண்டும். எதிரே வருபவர் தாழ்த்தாவிட்டால், கூசும் ஒளியை நேராகப் பார்க்காமல் நம் பக்கச் சாலையோரக் கோட்டைப் பார்த்தபடி வேகத்தைக் குறைப்பதுதான் செய்யக்கூடியது.

தூக்கத்தைப் பற்றி இளைஞர்கள் குறைவாகவே யோசிக்கிறார்கள். பதின்வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை; அந்த வயதில் உடலின் இயல்பான உறக்க நேரமும் பின்தள்ளிப் போகிறது. தேர்வு, பகுதிநேர வேலை, போன் எல்லாம் சேர்ந்து அதை ஐந்தாறு மணி நேரமாக்கிவிடுகின்றன. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அதுவே குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்ட எல்லை. காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்குத் திரும்பி வருகிறார் என்றால் அவர் அந்த நிலையில்தான் இருக்கிறார். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குவது உதவும். மது விஷயத்தில் புதியவர்களுக்கு எல்லை பூச்சியம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக், மழை, டயர்

புதிய ஓட்டுநர்களில் பலர் பிரேக்கை ஒருமுறைகூட முழு பலத்தோடு அழுத்தியதில்லை. பயிற்சியில் எப்போதும் மெதுவாக, குலுங்காமல் நிறுத்தத்தான் கற்றுத் தருகிறார்கள். அவசரத்தில் முதன்முதலாக அழுத்தும்போது, காலடியில் பெடல் படபடவென்று அதிரும், கடகடவென்று சத்தம் வரும்; ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். அந்த அதிர்வுதான், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். போஷ் நிறுவனம் மின்னணு ஏபிஎஸ் அமைப்பை 1978இல் உற்பத்திக் கார்களுக்குக் கொண்டுவந்தது. சக்கரம் சுழற்சி நின்று வழுக்கத் தொடங்கும்போது பிரேக்கை வினாடிக்குப் பலமுறை விட்டுப் பிடிப்பதால், முழுமையாக பிரேக் அழுத்தியிருக்கும் நிலையிலும் ஸ்டியரிங்கைத் திருப்பித் தப்பிக்க முடிகிறது. எனவே வண்டி நிற்கும் வரை முழு பலத்தோடு அழுத்தியே வைத்திருக்க வேண்டும். அனுபவசாலி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத பெரிய மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இதைச் சில முறை செய்து பார்த்தால் கால் அந்த அதிர்வைத் தெரிந்துகொள்ளும்.

ஈரச் சாலையில் பிரேக் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் குறிப்பாக மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். தேங்கிய நீரின் மேல் வேகமாகப் போனால் டயர் நீரை விலக்க முடியாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று எடையில்லாதது போலத் தோன்றினால் அதுதான் நடக்கிறது. அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், வேகம் குறைந்து டயர் மறுபடி தரையைப் பற்றும். இந்த நீரை விலக்குவது டயரின் பள்ளங்கள்தான். பல நாடுகளில் அவற்றின் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று சட்டம் சொன்னாலும், அந்த அளவுக்குத் தேய்வதற்கு வெகு முன்பே ஈரத்தில் பிடிப்புக் குறையத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவே என்பதால், காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

சீட் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கிய மூன்று முனைப் பெல்ட், முன்னிருக்கையில் உள்ளவர்களின் உயிரிழப்பு ஆபத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் படாமல் இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டும். பின்னிருக்கையில் பெல்ட் போடாதவர் மோதலில் முன்னிருப்பவர் மீது எறியப்படுவார் என்பதால், எல்லோரும் போட்ட பிறகே வண்டியை எடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஏர்பேக் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்துவிடும். ஆகவே மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும், கைகள் கடிகாரத்தின் ஒன்பது, மூன்று நிலைகளில் இருக்கட்டும்.

முதல் மாதங்கள்

ஆபத்தை முன்னறியும் கண் மணிக்கணக்கில் ஓட்டினால்தான் வாய்க்கும். அந்த மணி நேரங்களை எந்த வரிசையில் சேர்க்கிறோம் என்பதில்தான் தேர்வு இருக்கிறது. முதலில் பகல், உலர்ந்த சாலை, தெரிந்த வழி, தனியாக அல்லது பெரியவர் ஒருவரோடு. அது பழகிய பின் நெரிசல், பிறகு மழை, பிறகு இரவு, கடைசியாக நெடுஞ்சாலை. பழகுநர் காலத்தில் மழை வந்தால் பயிற்சியை ரத்து செய்துவிடும் பெற்றோர், பிள்ளை முதன்முதலாக மழையில் ஓட்டும் அனுபவத்தைத் தனியாகப் பெறும்படி செய்துவிடுகிறார்கள். உடன் ஆள் இருக்கும்போதே மழையிலும் இரவிலும் சில முறை ஓட்டிவிடுவது நல்லது.

பக்கத்தில் அமர்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'பிரேக், பிரேக்!' என்று கடைசி நொடியில் கத்துவதால் பிள்ளைக்குப் பதற்றம்தான் மிஞ்சும். ஐந்து வினாடி முன்னதாக, அமைதியான குரலில், 'அந்த வேனுக்குப் பின்னால் என்ன இருக்கலாம்?' என்று கேட்டால், பார்வை தானாகவே தொலைவுக்குப் போகும். சந்திப்பை நெருங்கும்போது பழைய தவறுகளைப் பற்றிய விசாரணையை நிறுத்திவிட்டு, வண்டியை ஓரம் கட்டிய பிறகு, எந்த இடத்தில் கால் தாமதமாக பிரேக்குக்கு வந்தது, அதற்கு முன் சாலையில் என்ன குறிப்புத் தெரிந்தது என்று இருவரும் பேசிக்கொள்ளலாம். சில வாரங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் பிள்ளையிடமிருந்தே, கேட்பதற்கு முன்பாக வரத் தொடங்கும். அந்த நிலை வந்த பிறகு தனியாக அனுப்பலாம்.